கீறல் தானாகவே ஆறுமா? காரின் மேல் ஒட்டும் ஃபிலிம் பற்றிச் சென்னைக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

"செல்ஃப் ஹீலிங்" என்கிறார்களே, உண்மையில் அங்கே என்ன நடக்கிறது?

இன்று சென்னையில் காரை மெருகேற்றித் தரும் டீடெய்லிங் கடைகளில் இந்தப் பெயரில் விற்கப்படுவது பெரும்பாலும் பிபிஎஃப், அதாவது பெயிண்ட்டைக் காக்க அதன் மேல் ஒட்டும் நிறமற்ற ஃபிலிம். அடியில் பசை, நடுவில் டிபியூ எனப்படும் ரப்பர் போன்ற பாலியூரித்தேன், அதற்கு மேல் மிக மெல்லிய டாப் கோட் என்று மூன்று அடுக்கு இருக்கும். கீறல் ஆறுகிற வேலை முழுவதும் அந்த டாப் கோட்டில்தான் நடக்கிறது. அதன் கனம் 10 மைக்ரானை ஒட்டி இருக்கும். தலைமுடி ஒன்றின் தடிமன் 70 மைக்ரான் என்றால், அதில் ஏழில் ஒரு பங்கு.

அந்த அடுக்கின் மூலக்கூறுகள் நீண்ட சங்கிலிகளாகப் பின்னிக் கிடக்கின்றன. மண் துகளோ துணியோ உரசும்போது அந்த இடம் அமுங்கிப் பள்ளமாகிறது, ஆனால் பொருள் எதுவும் பெயர்ந்து போவதில்லை. சூடு பட்டதும் சங்கிலிகள் இளகி, பின்னல் தன்னைப் பழைய இடத்துக்கே இழுத்துக்கொள்கிறது. இலவம்பஞ்சுத் தலையணையை விரலால் அமுக்கி, பிறகு வெயிலில் போட்டால் உப்பி வருகிறதே, அதுபோல. புதிதாக ஒன்றும் வளர்வதில்லை. தோல் வளர்ந்து புண் ஆறுவதோடு இதை ஒப்பிட்டுச் சொல்லும் விளம்பரத்தால்தான் பாதி ஏமாற்றம் வருகிறது.

பொருளுக்குள் நுண்ணிய குமிழ்களில் திரவத்தை அடைத்து வைத்து, விரிசல் விழும்போது குமிழ் உடைந்து திரவம் விரிசலை நிரப்பும் வேறொரு முறையும் உண்டு. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2001இல் அதைச் செய்து காட்டினார்கள். உங்கள் பானெட்டின் மேல் ஒட்டுகிற ஃபிலிமில் அது இல்லை.

அப்படியானால் எந்தக் கீறல் ஆறும், எது ஆறாது?

நகத்தால் பார்த்துவிடலாம். கீறலுக்குக் குறுக்கே நகத்தை மெதுவாக இழுங்கள். நகம் வழுக்கிக்கொண்டு போனால் ஆறும். தட்டி நின்றால் ஆறாது.

வாட்டர் வாஷில் விழும் சிலந்திவலைக் கோடுகள், துடைத்த துணியின் கோடு, கார் கவரின் உரசல், கதவுக் கைப்பிடிக் குழியில் மோதிரமும் நகமும் போடும் கோடுகள் எல்லாம் ஆறுகிற வகை. சிக்னலில் உரசிச் செல்லும் பைக்கின் ஹேண்டில் முனை, வேண்டுமென்றே சாவியால் போட்ட கோடு, ஜல்லி லாரியிலிருந்து தெறித்த கல், சுவர் மூலை உரசல் எல்லாம் டாப் கோட்டை அறுத்துக்கொண்டு டிபியூ வரை இறங்கும். அவை ஆறாது. ஆனால் அங்கேதான் ஃபிலிமின் உண்மையான பயன் இருக்கிறது. அடி ஃபிலிமோடு நிற்கிறது, பெயிண்ட் தப்பிக்கிறது. கிழிந்த அந்த ஒரு பேனலின் ஃபிலிமை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

தானே ஆறுவது கூடுதலாகக் கிடைக்கும் நன்மைதான். நீங்கள் காசு கொடுப்பது முக்கியமாக அந்தத் தடிமனுக்கு. இந்த வரிசை மனதில் தெளிவாக இருந்தால் எதை வாங்குவது, எங்கே ஒட்டுவது என்பதெல்லாம் எளிதாகிவிடும்.

கார் கம்பெனிகளே இப்படிப்பட்ட பெயிண்ட் தருவதில்லையா?

தந்திருக்கின்றன. நிசான் 2005 டிசம்பரில், நிப்பான் பெயிண்ட்டோடு சேர்ந்து உருவாக்கிய கீறல் ஆறும் கிளியர் கோட்டை, அதாவது நிறத்துக்கு மேல் அடிக்கும் நிறமற்ற பூச்சை, அறிவித்தது. மெல்லிய கீறல் ஆற ஒரு நாள் முதல் ஒரு வாரம் ஆகும், அந்தத் தன்மை சுமார் 3 வருடம் நீடிக்கும் என்று அப்போதே சொன்னார்கள். பிஎம்டபிள்யூ ஐஎக்ஸ் மின்காரின் முன் கிரில்லில் பாலியூரித்தேன் பூச்சு இருக்கிறது. அறை வெப்பத்தில் 24 மணி நேரத்தில், சூடான காற்று காட்டினால் 5 நிமிடத்தில் சிறு கீறல் மறையும் என்பது அந்த நிறுவனத்தின் கணக்கு. நம் ஊரில் தினமும் ஓடும் ஹேட்ச்பேக், செடான், எஸ்யூவிகளில் இருப்பது வழக்கமான கிளியர் கோட்தான். அதில் விழுந்த கீறல் வெயிலில் ஆறாது.

செராமிக் கோட்டிங்கும் கீறலை ஆற்றும் என்று கடையில் சொல்கிறார்களே?

வழக்கமான செராமிக் கோட்டிங் ஆற்றாது. அதன் கனம் ஓரிரு மைக்ரான்தான், அதுவும் கண்ணாடி போல இறுகிய அடுக்கு. தண்ணீர் ஒட்டாமல் ஓடும், அழுக்கு எளிதாகக் கழுவப்படும், பளபளப்பு நிற்கும். இவை நல்ல பயன்கள்தான். கல்லடியை அது தாங்காது. அதன் கடினத்துக்குக் கடையில் சொல்லும் "9எச்" என்பது பென்சில் முனையால் கீறிப் பார்க்கும் ஒரு சோதனையின் அளவு. தெருப்புழுதியில் இருக்கும் குவார்ட்ஸ் மணல் பென்சிலைவிட எத்தனையோ மடங்கு கடினம்.

வெந்நீர் பட்டால் ஆறும் என்று தனியாக விற்கப்படும் சில கோட்டிங்குகள் துணிக்கோடுகளை மறைக்கும். அவ்வளவுதான் எதிர்பார்க்கலாம். சில மைக்ரான் அடுக்கில் அதற்கு மேல் ஆற இடமில்லை.

சென்னை வெயிலே போதுமா, வெந்நீர் ஊற்ற வேண்டுமா?

பெரும்பாலான நாட்களில் வெயிலே போதும். நல்ல டாப் கோட் 40 முதல் 60 டிகிரி செல்சியஸில் வேகமாக இளகும். மே மாத மதியத்தில் கறுப்புப் பானெட் அதைத் தாண்டிச் சூடாகும். வெள்ளை வண்டி அவ்வளவு சூடாகாது, ஆனாலும் ஒரு மணி நேரம் வெயிலில் நின்றால் வேலை நடந்துவிடும். அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்டிலேயே நிற்கும் வண்டிக்கும், மார்கழி, தை மாதங்களுக்கும்தான் வெந்நீர் தேவைப்படும்.

கொதித்த தண்ணீரையும் குழாய்த் தண்ணீரையும் சம அளவு கலந்தால் ஏறக்குறைய 65 டிகிரி வரும். தெர்மாமீட்டர் தேவையில்லை. முதலில் அந்த இடத்தை ஷாம்பு போட்டுக் கழுவி அழுக்கை எடுத்துவிட வேண்டும். இதைத் தவிர்த்தால் கீறலுக்குள் இருக்கும் புழுதி அங்கேயே மாட்டிக்கொண்டு, பள்ளம் மூடினாலும் சாம்பல் நிறக் கோடு நின்றுவிடும். பிறகு ஒரு செம்புத் தண்ணீரை மெதுவாக, கீறலின் நீளம் முழுவதும் படும்படி ஊற்றுங்கள். செல்போன் டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துப் பார்த்தால், பனி படர்ந்தது போல வெளுத்திருந்த இடம் ஓரங்களிலிருந்து உள்நோக்கித் தெளிந்து வருவது தெரியும். ஒரு தடவையில் போகாவிட்டால் இன்னும் இரண்டு செம்பு. அதற்கும் அசையவில்லை என்றால் அது ஆறுகிற ஆழத்தில் இல்லை.

ஹேர் டிரையர் பயன்படுத்தலாம், ஒரு சாண் தள்ளிப் பிடித்து ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஒர்க்‌ஷாப் ஹீட் கன்னை வீட்டில் கையில் எடுக்காதீர்கள். அதன் முனையில் பல நூறு டிகிரி சூடு வரும். ஓரிடத்தில் சில விநாடி நின்றாலே டாப் கோட் சுருங்கி ஆரஞ்சுத் தோல் போலாகிவிடும்.

டிபியூ, டிபிஎச், பிவிசி என்று மூன்று விலை சொல்கிறார்கள். என்ன வித்தியாசம்? எப்படிக் கண்டுபிடிப்பது?

அதிகம் ஏமாறுகிற இடம் இதுதான், அதனால் சற்று விரிவாகவே பார்க்கலாம்.

பிவிசி என்பது ஸ்டிக்கர் வகை. அது வளைந்து கொடுப்பதே உள்ளே கலந்த மென்மையூட்டி எண்ணெயால்தான். சென்னை வெயிலில் அந்த எண்ணெய் மெல்ல வெளியேறும். பிறகு ஃபிலிம் இறுகி, மஞ்சளாகி, வெடிக்கும். டிபிஎச் என்ற பெயர் டிபியூ போலவே ஒலித்தாலும் பொருள் பிவிசி குடும்பம்தான். மேலே ஒரு டாப் கோட் பூசியிருப்பதால் கடையில் காட்டும் வெந்நீர் சோதனையில் அதுவும் ஆறிக் காட்டும். ஆகவே "பாருங்க சார், ஆறிடுச்சு" என்பது எந்தப் பொருள் என்பதற்குச் சான்றாகாது. டிபியூவிலும் அலிஃபாட்டிக், அரோமாட்டிக் என்று இரண்டு வகை உண்டு. இரண்டாவது, புற ஊதாக் கதிரில் மஞ்சளாகும். அலிஃபாட்டிக் என்று பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ரோலின் ஓரத்திலிருந்து உள்ளங்கை அளவு துண்டு கேளுங்கள். நல்ல கடையில் கொடுப்பார்கள். அதில் 1 சென்டிமீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு பட்டை வெட்டி, 15 சென்டிமீட்டர் வரும்வரை இழுத்து, பத்து எண்ணிவிட்டு விடுங்கள். டிபியூ ரப்பர் பேண்ட் போலச் சுருங்கி ஏறக்குறைய பழைய நீளத்துக்கு வந்துவிடும். பிவிசி இழுத்தபடியே தொய்ந்து நிற்கும், ஓரம் சுருளும்.

இன்னும் உறுதி வேண்டுமென்றால் செப்புக் கம்பிச் சோதனை இருக்கிறது. கம்பியை இடுக்கியால் பிடித்து, கேஸ் அடுப்பின் நீலத் தீயில் சிவக்கச் சூடாக்கி, ஃபிலிம் துண்டைத் தொட்டுவிட்டு மறுபடியும் தீயில் காட்டுங்கள். தீ பளிச்சென்று பச்சையானால் உள்ளே குளோரின் இருக்கிறது, அதாவது பிவிசி. பசையை முன்பே தேய்த்து எடுத்துவிடுங்கள். திறந்த வெளியில் செய்யுங்கள், அந்தப் புகையை மூச்சில் இழுக்கக் கூடாது.

கடைக்காரர் பித்தளைப் பிரஷால் தேய்த்து வெந்நீர் ஊற்றிக் காட்டினால், அதே இடத்தில் மூன்று முறை தேய்த்து மூன்று முறை ஊற்றச் சொல்லுங்கள். மட்டமான டாப் கோட் இரண்டாம், மூன்றாம் முறையில் மங்கலாகவே நின்றுவிடும்.

எத்தனை மைக்ரான் வாங்கலாம்?

165 முதல் 200 மைக்ரான் வரை வழக்கமானது. 6.5 மில், 8 மில் என்று சொல்வதும் இதைத்தான். 1 மில் என்றால் 25.4 மைக்ரான். சிலர் மேலே உரித்து எறியும் பாதுகாப்புத் தாளையும் கணக்கில் சேர்த்து 200 என்பார்கள். "ஒட்டிய பிறகு வண்டியில் நிற்பது எவ்வளவு?" என்று கேளுங்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க: கம்பெனிப் பெயிண்ட் எல்லா அடுக்கும் சேர்ந்து 100 முதல் 140 மைக்ரான், அதில் மேலே இருக்கும் கிளியர் கோட் 35 முதல் 50. ஒவ்வொரு ரப்பிங் பாலிஷும் இந்தக் கிளியர் கோட்டிலிருந்து சில மைக்ரானைத் தின்றுவிடுகிறது. வருடத்துக்கு இரண்டு முறை "பாலிஷ் போட்டுத் தரேன்" என்பவருக்குச் சம்மதம் சொல்லுமுன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

முழு வண்டிக்கும் ஒட்ட வேண்டுமா? செலவுக்கு ஏற்ற பயன் உண்டா?

எல்லோருக்கும் இல்லை.

தோராயமாக, டிபியூ ஃபிலிம் ஒரு ஹேட்ச்பேக் முழுவதும் ஒட்ட 60,000 ரூபாயிலிருந்து தொடங்கும். நடுத்தர எஸ்யூவிக்கு ஒன்றரை லட்சம் வரையும், பெரிய பிராண்டுகளில் 2 லட்சத்துக்கு மேலும் போகும். வழக்கமான ரோல் 1.52 மீட்டர் அகலம், 15 மீட்டர் நீளம். ஒரு செடானுக்கு ஏறக்குறைய ஒரு ரோல் முழுவதும் செலவாகும். இதைவிட மிகக் குறைந்த விலைக்கு "முழு டிபியூ" என்றால் அது டிபியூ அல்ல.

மறுபக்கம், வெளிக்கடையில் ஒரு பேனல் பெயிண்ட் அடிக்க 4,000 முதல் 8,000 ரூபாய். எட்டு லட்சம் ரூபாய் வண்டியை ஐந்து வருடத்தில் விற்கப்போகிறவர் 80,000 ரூபாய்க்கு ஃபிலிம் ஒட்டினால் அது கட்டுப்படியாகாது. விற்கும்போது அந்தப் பணம் திரும்ப வராது. வண்டியைப் பத்து வருடம் வைத்திருப்பவர், கறுப்பு, கருநீலம் போன்ற அடர் நிறக்காரர், திரும்ப அடித்தால் நிறம் சேராத முத்து வெள்ளை, மிட்டாய்ச் சிவப்பு போன்ற மூன்றடுக்கு நிறக்காரர், இவர்களுக்கு முழு ஃபிலிம் நியாயமான செலவுதான்.

மற்ற எல்லோருக்கும் எங்கள் பரிந்துரை, அடிபடும் இடங்களில் மட்டும் ஒட்டுவது. முன் பம்பர், பானெட், முன் ஃபெண்டர்கள், கண்ணாடி மூடிகள், ஹெட்லைட் சேர்த்து 25,000 முதல் 45,000 ரூபாய். ஜிஎஸ்டி ரோடு, ஸ்ரீபெரும்புதூர் பக்கம், ஈசிஆர் என்று தினமும் லாரிகளுக்குப் பின்னால் போகிறவர்களுக்கு இது போதும். நகரத்துக்குள்ளேயே சுற்றும் வண்டிக்கு இதைவிடவும் குறைவு: நான்கு கதவு ஓரங்கள், கைப்பிடிக் குழிகள், பின் பம்பரில் டிக்கிக்குக் கீழே பெட்டி உரசும் மேல்விளிம்பு. சில ஆயிரம் ரூபாயில் முடியும். தி.நகர் பார்க்கிங்கில் கதவைத் திறந்து பக்கத்துத் தூணில் இடித்தவர்களுக்கு கதவு ஓரத்தின் மதிப்பு தெரியும்.

பம்பரின் இரண்டு மூலைகளை மட்டும் சின்னச் சின்னத் துண்டாக ஒட்டாதீர்கள். துண்டின் விளிம்பில் அழுக்குக் கோடு கட்டி, ஆறு மாதத்தில் கண்ணை உறுத்தும். மூலைக்கு வேண்டுமென்றால் பம்பர் முழுவதுமாக ஒட்டுங்கள்.

புது வண்டி எடுத்த உடனேயே ஒட்டலாமா?

ஒட்டலாம், அதுதான் நல்ல நேரம். கம்பெனிப் பெயிண்ட் 140 டிகிரியை ஒட்டிய சூட்டில் வேகவைக்கப்பட்டது, காத்திருக்கத் தேவையில்லை. ஷோரூமில் "டெலிவரிக்கு முன் வாஷ், பாலிஷ், டெஃப்லான் எதுவும் வேண்டாம்" என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். மெழுகு இருந்தால் பசை சரியாகப் பிடிக்காது. அவசரமாகத் துடைத்த கோடுகள் ஃபிலிமுக்கு அடியிலேயே நிரந்தரமாகிவிடும்.

ஏற்கெனவே டிங்கரிங், பெயிண்ட் பார்த்த பேனல் என்றால்?

ஒர்க்‌ஷாப் பெயிண்ட் 60 முதல் 80 டிகிரியில்தான் காயவைக்கப்படுகிறது. உள்ளே இருக்கும் தின்னர் வெளியேறக் குறைந்தது 30 நாள் விடுங்கள். முந்தினால் ஃபிலிமுக்கு அடியில் குமிழ் கிளம்பும். அதைவிடப் பெரிய ஆபத்து, பின்னாளில் ஃபிலிமை உரிக்கும்போது, பள்ளத்தை நிரப்பப் பூசிய பட்டியோடு சேர்ந்து பெயிண்ட்டே கையோடு வந்துவிடுவது. பழைய வண்டி வாங்கியவர்கள் ஒட்டும் முன் பெயிண்ட் கனமானியால் அளக்கச் சொல்லுங்கள். 200 மைக்ரானுக்கு மேல் காட்டும் தகட்டுப் பேனல் பெரும்பாலும் மறுபடி அடித்தது. பம்பர் பிளாஸ்டிக் என்பதால் சாதாரண மானி அதில் வேலை செய்யாது.

ஒட்டும் கடையில் எதைக் கவனிக்க வேண்டும்?

ஃபிலிம் எவ்வளவு நல்லதானாலும் ஒட்டுகிற கை மோசமானால் வீண்.

வேலை நடக்கும் அறை மூடியதாக, ஏசி போட்டதாக, தரை ஈரமாக இருக்க வேண்டும். ஏசி சொகுசுக்காக அல்ல. ஃபிலிமை நகர்த்தி வைக்கச் சில சொட்டு பேபி ஷாம்பு கலந்த தண்ணீரைத் தெளிப்பார்கள். சென்னைச் சூட்டில் அந்தத் தண்ணீர் உடனே உலர்ந்து, பசை சட்டென்று பிடித்துவிடும். ஒட்டுபவர் அதைப் பிய்த்துத் திரும்ப வைக்கும்போது பசையில் கோடு விழும். வெயில் பட்டால் அது வெள்ளிக் கம்பி போல மின்னும், எந்த வெந்நீரும் அதை ஆற்றாது. தெருவோர ஷெட்டில் மின்விசிறிக்கு அடியில் ஒட்டினால் கூடவே புழுதியும் உள்ளே போகும்.

வரிசை இப்படி இருக்கும்: கழுவுதல், தார்ப்புள்ளி நீக்குதல், களிமண் கட்டியால் தேய்த்து ஒட்டிய துகள்களை எடுத்தல், தேவைப்பட்டால் பாலிஷ், கடைசியாக ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்தல். இந்த முன்வேலைக்கே ஒரு நாள் போகும். முழு வண்டிக்கு மொத்தம் மூன்று நாளாவது வேண்டும். "காலையில விடுங்க, சாயங்காலம் எடுத்துக்கோங்க" என்பவரிடம் விடாதீர்கள்.

வெட்டுவது எப்படி என்று கேளுங்கள். வண்டியின் மேலேயே பிளேடால் வெட்டுபவர் கை சற்று அழுத்தினாலும் கிளியர் கோட் அறுபடும். அந்தக் கோடு ஃபிலிமை உரிக்கும் நாளில்தான் தெரியும். பிளாட்டர் எனப்படும் கம்ப்யூட்டர் வெட்டு மெஷினில் முன்பே வெட்டிய துண்டுகளோ, பிளேடு இல்லாமல் நூலை இழுத்தே ஃபிலிமை அறுக்கும் டேப்போ பயன்படுத்துவது பாதுகாப்பு. விளிம்புகளை உள்பக்கம் மடித்து ஒட்டச் சொல்லுங்கள்.

பம்பர் வளைவில் ஃபிலிமை மிகையாக இழுத்து ஒட்டினால் அது பழைய நிலைக்குத் திரும்பப் பார்க்கும். இரண்டு வாரத்தில் ஓரம் தூக்குவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். பார்க்கிங் சென்சார்களுக்கு வட்டமாக வெட்டி விட வேண்டும். முன்னால் ரேடார் உள்ள வண்டியானால், அந்த இடத்தில் ஒட்டலாமா என்று வண்டிக் கையேட்டைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

ஒட்டி வந்ததும் சின்னச் சின்னக் குமிழ்கள் தெரிகின்றன. மோசடியா?

தண்ணீர்க் குமிழ் என்றால் பயம் வேண்டாம். விரலால் அமுக்கினால் நகரும், வெயிலில் இரண்டு முதல் நான்கு வாரத்தில் போய்விடும். ஊசியால் குத்தாதீர்கள். நடுவில் கறுப்புப் புள்ளியோடு நிற்கும் குமிழ், உள்ளே சிக்கிய தூசி. அது போகாது. ஒரு பேனலில் ஒன்றிரண்டு சகஜம், கையளவு இடத்தில் ஐந்தாறு இருந்தால் திரும்ப ஒட்டித் தரச் சொல்லுங்கள்.

முதல் இரண்டு நாள் வண்டியை மழையில் விடாமலும், முதல் வாரம் கழுவாமலும் இருங்கள். ஓரம் தூக்கினால் அந்த வாரத்திலேயே கடைக்குப் போனால் சூடு காட்டி அமுக்கிவிடுவார்கள். தாமதித்துப் பசையில் மண் ஏறிவிட்டால் வெட்டி எடுப்பதைத் தவிர வழியில்லை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஒட்டுவதைத் தள்ளிப்போடுவது புத்திசாலித்தனம்.

ஃபிலிம் ஒட்டியாகிவிட்டது. இனி வாட்ச்மேன் தினமும் துடைக்கலாம்தானே?

கூடாது. இந்த ஊரில் கார்களில் விழும் மெல்லிய கோடுகளில் பெரும்பங்கு, காலை ஆறு மணிக்கு ஒரு வாளித் தண்ணீரில் ஒரே துணியை நனைத்துப் பத்து வண்டி துடைப்பதில்தான் விழுகிறது. கடைசி வண்டிக்கு வரும்போது அந்தத் துணி உப்புத்தாள். டாப் கோட் ஆறும் என்பது உண்மை, ஆனால் தினமும் மண்ணால் தேய்த்தால் அமுங்குவதோடு நிற்காது, அறுபடவும் தொடங்கும். மாதச் சம்பளத்தை அப்படியே கொடுத்துவிட்டு, கண்ணாடியை மட்டும் துடைக்கச் சொல்லுங்கள்.

வாரம் ஒருமுறை: முதலில் வெறும் தண்ணீரில் மண்ணை ஓடவிடுங்கள். ஷாம்புக்கு ஒரு வாளி, துணியை அலச ஒரு வாளி. மேலிருந்து கீழாக. பிரஷர் வாஷர் என்றால் ஓரங்களிலிருந்து ஓரடி தள்ளி, விளிம்பைத் தூக்கும் கோணத்தில் அடிக்காமல். பாத்திரம் தேய்க்கும் சோப்பு வேண்டாம்.

தண்ணீர்தான் சென்னையில் பெரிய தலைவலி. போர் தண்ணீரும் லாரித் தண்ணீரும் பல இடங்களில் உப்பு. வெயிலில் கழுவி உலரவிட்டால் ஒவ்வொரு சொட்டும் சுண்ணாம்பு வளையமாக நிற்கும், நாள்பட்டால் டாப் கோட்டையே அரிக்கும். ஆர்ஓ மெஷின் கழிவுத் தண்ணீரைச் சேர்த்து வைத்து வண்டி கழுவும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. மாடித் தொட்டித் தண்ணீரை மிச்சம் பிடிக்கும் நல்ல எண்ணம்தான், ஆனால் அதில் உப்பு இன்னும் செறிந்திருக்கும். வாசல் கழுவுங்கள், வண்டி வேண்டாம். கடைசி அலசலுக்கு ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைத் துணியில் வடிகட்டிப் பயன்படுத்துங்கள். அதில் உப்பு கிட்டத்தட்ட இல்லை. இரண்டு லிட்டர் பாட்டில் ஒன்று பானெட்டுக்கும் கூரைக்கும் போதும். வளையம் விழுந்துவிட்டால் வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து, நிழலில், ஒரு நிமிடம் ஈரத்துணியாக வைத்து எடுத்து நன்றாக அலசிவிடுங்கள். மெட்ரோ பணி நடக்கும் சாலையில் தெறித்த சிமென்ட் பாலுக்கும் இதே வைத்தியம், அன்றைக்கே.

காக்கை எச்சம், நாவல்பழம், ஆயுத பூஜைக் குங்குமம்?

எச்சத்தை அன்றைக்கே எடுங்கள். உலர்ந்ததைத் தேய்க்காதீர்கள், உள்ளே மணலும் விதையும் இருக்கும். ஈர டிஷ்யூவை ஐந்து நிமிடம் மேலே போட்டு ஊறவைத்து, வழித்து எடுங்கள். வெயிலில் ஒரு நாள் கிடந்தால் டாப் கோட்டில் தழும்பு விழும். அது அமுங்கல் அல்ல, ரசாயன அரிப்பு. ஆறாது. நாவல் மரத்தடியில் ஆனி, ஆடி மாதங்களில் நிறுத்துபவர்களுக்கும் இதே விதி. மழைக்கு முன் கழுவிவிட வேண்டும்.

பூஜையில் வைக்கும் மஞ்சளின் கறை ஃபிலிமில் பிடிக்கும், வெள்ளை வண்டியில் பளிச்சென்று தெரியும். பதற வேண்டாம். மஞ்சளின் நிறப்பொருள் வெயிலில் சிதையும், கழுவிவிட்டுச் சில நாள் வெயிலில் விட்டால் மங்கிவிடும். செயற்கைச் சாயம் கலந்த குங்குமம் அப்படிப் போகாது. பொட்டைக் கண்ணாடியிலோ நம்பர் பிளேட்டிலோ வைத்துவிட்டால் பூஜையும் நிறைவாகும், ஃபிலிமும் தப்பும். காய்ந்த சந்தனத்தை விரலால் சுரண்டாமல் நனைத்து எடுங்கள்.

ஃபிலிமுக்கு மேல் செராமிக் போடலாமா?

ஃபிலிமுக்கென்றே செய்த, வளைந்து கொடுக்கும் வகையானால் போடலாம், கழுவுவது எளிதாகும். இறுகும் வகையைப் பூசினால் கீழே டாப் கோட் எழும்பி வரத் தடையாகும். காசும் கொடுத்து, ஆறும் தன்மையையும் குறைத்துக்கொள்வதாகிவிடும்.

வாரன்டி, இன்சூரன்ஸ், ஆர்சி விஷயங்கள்?

வாரன்டி மஞ்சளாவது, வெடிப்பது, உரிவதற்குத்தான். கீறலுக்கும் கல்லடிக்கும் கிடையாது. ரோல் எண், வண்டி எண், ஒட்டிய தேதி மூன்றும் உள்ள அட்டையை வாங்கி, அந்த பிராண்டின் தளத்தில் எண்ணைப் போட்டுப் பாருங்கள். மாற்றும்போது கூலி யார் தருவது என்பதையும் எழுதி வாங்குங்கள்.

விபத்தில் பேனல் மாற்றினால் அதன் மேலிருந்த ஃபிலிமின் விலை தானாகக் கிடைக்காது. பில்லைக் காட்டி, பாலிசியில் துணைப்பொருளாகச் சேர்க்க முடியுமா என்று புதுப்பிக்கும் முன்பே கேளுங்கள். நிறமற்ற ஃபிலிமுக்கு ஆர்டிஓ சிக்கல் இல்லை. நிறம் மாற்றும் ஃபிலிம் என்றால் ஆர்சியில் உள்ள நிறத்தோடு பொருந்தாமல் போகும், ஒட்டுவதற்கு முன் ஆர்டிஓ அனுமதி வாங்கி ஆர்சியில் மாற்றுங்கள்.

ஃபிலிமை எப்போது, எப்படிக் கழற்றுவது?

நல்ல டிபியூ கூட ஐந்து முதல் ஏழு வருடத்தில் பளபளப்பை இழக்கும். வெந்நீர் ஊற்றியும் துணிக்கோடுகள் போகவில்லை, தண்ணீர் வழியாமல் பரவி நிற்கிறது, ஓரங்கள் மஞ்சளாகின்றன என்றால் டாப் கோட் முடிந்துவிட்டது. "இன்னும் ஒரு வருடம்" என்று இழுக்காதீர்கள். வெடிக்கத் தொடங்கிய ஃபிலிம் தாளாக வராது, நகமளவு சில்லாக வரும். ஒரு பானெட்டுக்கே ஒரு நாள் பிடிக்கும்.

முழுதாக இருக்கும்போது வேலை எளிது. பேனலைக் கை பொறுக்கும் சூட்டுக்குக் கொஞ்சம் மேலே சூடாக்கி, ஒரு மூலையைக் கிளப்பி, ஃபிலிமை மேல்நோக்கித் தூக்காமல் பேனலோடு ஒட்டினாற்போல் தாழ்வாக, ஒரே வேகத்தில் பின்னுக்கு இழுக்க வேண்டும். செங்குத்தாக வெடுக்கென்று இழுத்தால் பெயிண்ட் வரும், மறுபடி அடித்த பேனலில் நிச்சயமாக அந்த ஆபத்து இருக்கிறது. தங்கிய பசையை பசை நீக்கியால் ஊறவைத்து, மைக்ரோஃபைபர் துணியால் எடுங்கள். பிளேடு வேண்டாம், பெட்ரோலும் வேண்டாம். அடியில் இருந்த பெயிண்ட்டுக்கும் ஃபிலிம் ஒட்டாத பக்கத்துப் பேனலுக்கும் நிறத்தில் வித்தியாசம் தெரிந்தால், பக்கத்துப் பேனலை லேசாக ஒரு கை பாலிஷ் போட்டால் பெரும்பாலும் சேர்ந்துவிடும்.